ஆர்டிகிட்: மணலி ஆய்வக மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

வடசென்னையின் மணலியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பதினான்கு ஆண்டுகள் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, கடந்த நான்கு ஆண்டுகளாக வேதிப்பொருள்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தேர்ந்தெடுக்கும் பணியில் இருக்கிறேன். இந்த மாற்றத்துக்கு எனக்குக் கைகொடுத்த மென்பொருள் ஆர்டிகிட் (RDKit). திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் வேதியியல் பட்டம் பெற்றுவிட்டு, இனிக் கணினிப் படிப்புக்கு மாறினால்தான் வேலை என்று கவலைப்படும் தம்பி தங்கைகள் பலரை நான் அறிவேன். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மூலக்கூறு அமைப்பைக் கணினிக்குப் புரிகிற வடிவில் மாற்றித் தருவதே ஆர்டிகிட்டின் வேலை. 2000ஆம் ஆண்டில் ஒரு சிறு நிறுவனத்தின் உள்ளே தொடங்கிய இந்த மென்பொருளை 2006இல் திறமூலமாக வெளியிட்டார்கள். கிரெக் லேண்ட்ரம் என்பவர் அன்றிலிருந்து இதை முன்னின்று வளர்த்து வருகிறார். தொழிற்சாலையில் வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தினாலும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரே வரிக் கட்டளையில் நிறுவிவிடலாம். எட்டு ஜிபி நினைவகம் கொண்ட என் பழைய மடிக்கணினியிலேயே சில ஆயிரம் மூலக்கூறுகளின் மூலக்கூறு எடை, எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான பகிர்வு மதிப்பு போன்றவற்றைச் சில நொடிகளில் கணக்கிட்டுவிடுகிறது.

மூலக்கூறை ஸ்மைல்ஸ் என்ற எழுத்துக் குறியீட்டில் கொடுக்க வேண்டும். எத்தனால் என்றால் சி, சி, ஓ என்று மூன்றே எழுத்துகள். அதிலிருந்து ஆர்டிகிட் உருவாக்கித் தரும் ‘கைரேகை’தான் இந்தத் துறையின் அன்றாடப் பண்டம். ஒவ்வோர் அணுவையும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் பொதுவாக இரண்டு பிணைப்புத் தொலைவுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து, அந்தச் சுற்றுப்புறத்தை, வழக்கமாக 2048 இடங்கள் கொண்ட ஒரு வரிசையில் ஒன்று அல்லது சுழியமாகப் பதிந்துவைக்கிறது. இதன் வேர், கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த மார்கன் 1965இல் வெளியிட்ட வழிமுறையில் இருக்கிறது. அதே 1965இல்தான் ஸ்டான்ஃபோர்டில், நிறை நிறமாலையை (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் பதிவை) படித்து மூலக்கூறை ஊகிக்கும், செயற்கை நுண்ணறிவின் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றான டென்ட்ரல் திட்டமும் தொடங்கியது. கலவையைப் பிரித்து நிறை நிறமாலை எடுக்கும் ஜிசி-எம்எஸ் கருவியின் முன் இரவெல்லாம் உட்கார்ந்து, எந்த முகட்டுக்கு எந்தச் சேர்மம் என்று தலையைப் பிய்த்துக்கொண்ட எனக்கு, இந்த வரலாறு தெரிந்தபோது அந்நிய வீட்டுக்குள் நுழைகிறோம் என்ற அச்சம் போய்விட்டது.

இனி இதை வைத்து நான் பார்த்த வேலைக்கு வருகிறேன். வெப்பப் பரிமாற்றிக் குழாய்களில் படியும் உப்புப் படிவத்தை ஆசிட் வாஷ் செய்து நீக்கும்போது, அமிலம் படிவத்தோடு சேர்த்துக் குழாயையும் தின்றுவிடாமல் இருக்க அரிப்புத் தடுப்பான் ஒன்றைக் கலப்போம். எது நன்றாகத் தடுக்கும் என்று அறிய, எடை பார்த்த உலோகத் துண்டை (நாங்கள் கூப்பன் என்போம்) அமிலத்தில் தொங்கவிட்டு, குறித்த நேரம் கழித்து எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை பார்க்க வேண்டும். நூறு சேர்மங்களுக்கு இதைச் செய்ய ஆளும் இல்லை, நாளும் இல்லை. ஆகவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து இருநூற்றுச் சொச்சம் தடுப்பான்களைத் தொகுத்து, ஆர்டிகிட் கைரேகைகளைக் கொண்டு ஒரு கணிப்பு மாதிரியை (மாடல்) பயிற்றுவித்து, எவற்றை முதலில் சோதிக்கலாம் என்று அதையே சொல்லவைக்க முனைந்தேன்.

முதல் முயற்சி தோற்றது. மாதிரி பரிந்துரைத்த சேர்மங்கள் கூப்பன் சோதனையில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரு வாரம் தேடிய பிறகே காரணம் கிடைத்தது. தவறான ஸ்மைல்ஸ் கொடுத்தால் ஆர்டிகிட் எச்சரிக்கை வரி ஒன்றைக் காட்டிவிட்டு, மூலக்கூறுக்குப் பதில் வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். நிரலோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி வெற்றாக வந்த முப்பதுக்கும் மேற்பட்ட வரிசைகளை, என்னவென்று பாராமலே நான் நீக்கியிருந்தேன். அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகள். நான்கு பிணைப்புள்ள நைட்ரஜனுக்கு நேர்மின்னேற்றக் குறியைப் போடாமல் தட்டச்சு செய்திருந்ததால், இணைதிறன் மீறல், அதாவது அணு தாங்கக்கூடிய பிணைப்புகளின் எண்ணிக்கை மிஞ்சிவிட்டது என்று ஆர்டிகிட் மறுத்திருக்கிறது. மீதியில் பென்சோட்ரையசோல் வகைச் சேர்மங்கள் இருந்தன. வளையத்து நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜனைத் தனியாகக் குறிக்காவிட்டால் இரட்டைப் பிணைப்புகளை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியாது. அரிப்பைத் தடுப்பதில் பெயர்பெற்ற இரண்டு குடும்பங்களையும் வெளியே தள்ளிவிட்டு, எஞ்சியவற்றிலிருந்து மாதிரி கற்றிருக்கிறது. ஒரு மின்னேற்றக் குறி, ஒரு ஹைட்ரஜன்: இவ்வளவுதான் பிழை. இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது இளங்கலையில் படித்த இணைதிறன் பாடமே.

ஆர்டிகிட் மறுத்தது சரிதான். வேதியியலுக்குப் பொருந்தாத அமைப்பை ஏற்றுக்கொள்ளாத இந்தக் கண்டிப்பையே அதன் முதல் சிறப்பாக நான் மதிக்கிறேன். மறுப்பை அது இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பதே என் குறை. எத்தனை மூலக்கூறுகள் நிராகரிக்கப்பட்டன என்று எண்ணி, ஒவ்வொன்றையும் படமாக வரையவைத்துக் கண்ணால் பார்ப்பதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன். அமைப்பை வரைந்து காட்டும் வசதி அருமையானது. பிழைகள் படத்தில்தான் முகம் காட்டுகின்றன.

இன்னொரு வரம்பையும் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள் அடிப்படையில் ஒரு பெயருக்கு ஓர் அமைப்பு என்ற எண்ணத்தில் இயங்குகிறது. எங்கள் மணலியில் உற்பத்தியாகும் சலவைத்தூள் மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனை எடுத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று கார்பன் வரை நீளும் சங்கிலிகள், அவற்றில் வெவ்வேறு இடங்களில் ஒட்டிய பென்சீன் வளையம் என அது ஒரு கலவை. ஒன்றுக்கு மேற்பட்ட ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட பாலியால்களும் அப்படியே. ஒற்றை ஸ்மைல்ஸ் எழுதி இவற்றைக் குறித்துவிட்டதாக எண்ணினால் விடை அழகாக வரும், சரியாக இராது. மருந்து மூலக்கூறுகளோடு பழகுவோருக்கு இது அவ்வளவாக உறுத்தாது; பெட்ரோகெமிக்கல் ஆட்களுக்கு அன்றாடத் தலைவலி.

மாதிரியைச் சோதிக்கும் முறையிலும் கவனம் தேவை. தரவைக் குலுக்கி, பயிற்றுவிக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி என்று பிரித்தால் ஒரே வளைய அமைப்புள்ள உறவுக்கார மூலக்கூறுகள் இரண்டிலும் கலந்துவிடும். மதிப்பெண் உயரும், புதிய சேர்மத்தின் முன் மாதிரி திணறும். 1996இல் பெமிஸும் முர்க்கோவும் முன்வைத்த சட்டகப் பகுப்பு (பக்கக் கிளைகளை நீக்கி, வளையங்களும் அவற்றை இணைக்கும் சங்கிலிகளும் கொண்ட எலும்புக்கூட்டை மட்டும் எடுப்பது) ஆர்டிகிட்டிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு குடும்பம் குடும்பமாகப் பிரித்துச் சோதித்தபோது என் மாதிரியின் மதிப்பெண் சரிந்தது. ஆனால் அதன்பின் அது காட்டிய பட்டியலில் இரண்டு சேர்மங்கள் கூப்பன் சோதனையில் நின்றன.

செயற்கை நுண்ணறிவுக் கட்டணப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்து, மூன்று மாதமும் கையால் எழுதிய எண்களைக் கணினி அடையாளம் காணவைக்கும் பயிற்சியையே செய்து, ஒரு மூலக்கூறைக்கூடத் தொடாமல் வெளியே வந்தவன் என்பதால் சொல்கிறேன்: வேதியியல் படித்தவர்கள் ஆர்டிகிட்டிலிருந்தே தொடங்கலாம். விளக்க ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்வழி படித்த பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் சுமையே. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவைச் சேர்ந்த இரு பட்டதாரிகள் என் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் இரண்டு வாரம் மடிக்கணினியைத் திறக்கவில்லை. இருபது மூலக்கூறுகளைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு நைட்ரஜனின் பிணைப்புகளையும் எண்ணி, பக்கத்தில் ஸ்மைல்ஸை அவர்கள் கையாலேயே எழுதினார்கள். மூன்றாம் வாரம் அதே இருபதையும் ஆர்டிகிட்டில் கொடுத்தோம். பதினெட்டை ஏற்றுக்கொண்டது, மற்ற இரண்டில் பிழை எங்கே என்று அவர்களே சொன்னார்கள்.