மே மாதப் பரணா, பெப்ரவரிக் குடிலா? ஒன்ராறியோவில் கரடி வேட்டையும் பனி மீன்பிடியும்

வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வழிகாட்டிக்குக் காசு கொடுக்க முடியும் என்றால், அதை எந்தப் பருவத்தில் கொடுப்பது? ஒன்ராறியோவில் இதற்கு மூன்று விடைகள் உண்டு. மே 1 முதல் ஜூன் 15 வரை வசந்தகாலக் கறுப்புக் கரடி வேட்டை. வடபகுதிகளில் ஒகஸ்ட் நடுவில் தொடங்கி ஒக்டோபர் இறுதிவரை போகும் இலையுதிர்கால வேட்டை. பிறகு ஏரிகள் உறைந்ததும் ஐஸில் துளையிட்டு மீன்பிடி. ரொறொன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழருக்கு மூன்றாவதுதான் கிட்ட உள்ளது. சிம்கோ ஏரியின் தென்கரை காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இவற்றை ஒப்பிடும்போது பலரும் விலையில்தான் தொடங்குவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, வழிகாட்டி உங்களுக்காக எந்த வேலையைச் செய்து தருகிறார் என்பது. கரடி வேட்டையில் அவருடைய வேலையில் பெரும்பகுதி நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஐஸில் அவர் விற்பது மீனை அல்ல, ஐஸைப் பற்றிய அறிவை.

வசந்தமா, இலையுதிர்காலமா

ஒன்ராறியோவில் 85,000 முதல் 105,000 வரை கறுப்புக் கரடிகள் இருப்பதாக மாகாண அரசு மதிப்பிடுகிறது. வசந்தகால வேட்டை 1999இல் நிறுத்தப்பட்டது. 2014இல் சில பகுதிகளில் மட்டும் சோதனையாகத் திரும்பி வந்து, 2016இல் விரிந்து, 2021இல் நிரந்தரமானது. நிறுத்தப்பட்டதற்குச் சொல்லப்பட்ட பெரிய காரணம், தாய் சுடப்பட்டால் அநாதையாகும் குட்டிகள். ஆகவே வசந்தத்தில் குட்டியையோ குட்டியோடு திரியும் தாயையோ சுடுவது குற்றம். இந்த ஒரு விதியே வசந்தகாலப் பரணில் உட்காரும் முறையைத் தீர்மானிக்கிறது.

கரடி வேட்டைக்குப் போகும் வடபகுதிகள் பெரும்பாலும் அடர்த்தியான ஊசியிலைக் காடு. நடந்து தேடிச் சுடுவது வெட்டப்பட்ட காட்டுவெளிகளில் மட்டும் ஓரளவு சரிவரும். நாய்களை விட்டுத் துரத்துவது தனிக் கலை, தொடங்குபவருக்கு அது வேண்டாம். மிஞ்சுவது இரை வைத்துப் பரணில் காத்திருப்பது. ஒரு பீப்பாயை மரத்தோடு சங்கிலியால் கட்டி, பக்கத்தில் ஓட்டை போட்டு, ஓட்ஸ், பழைய பாண், சீனிப்பாகு போன்றவற்றை நிரப்புவார்கள். பொரித்த எண்ணெயை நிலத்தில் ஊற்றுவதற்கும் காரணம் உண்டு. கரடியின் பாதத்தில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அது நடந்த வழியெல்லாம் மணம் பரவி மற்றக் கரடிகளைக் கூட்டி வரும்.

வசந்தத்தில் இரை நன்றாக வேலை செய்யும். குகையிலிருந்து வெளியே வரும் கரடிக்குப் புல்லும் அஸ்பென் மரத்துத் தளிருமே அப்போதைய சாப்பாடு. ஆனால் முதல் இரண்டு கிழமைகள் அது மந்தமாகவே இருக்கும், பசி முழுதாகத் திரும்பியிருக்காது. மே முதல் வாரத்துக்குப் பதிவு செய்துவிட்டு வெறும் பீப்பாயைப் பார்த்து வருபவர்கள் இதைக் கணக்கில் எடுக்காதவர்கள். மே கடைசிப் பத்து நாட்களே எங்கள் தெரிவு. இணைசேரும் காலம் நெருங்குவதால் பெரிய ஆண்கள் பகல் வெளிச்சத்திலேயே அலையத் தொடங்கும். ஜூன் நடுவுக்குள் மரத்தில் உரசி உரசித் தோலில் மயிர் உதிர்ந்த திட்டுகள் விழுந்துவிடும். தோல் வேண்டுமென்றால் அதற்கு முன்னரே போக வேண்டும்.

அந்த நாட்களுக்கு ஒரு விலையும் உண்டு: கடிக்கும் சின்னக் கறுப்பு ஈக்களும் (black fly) நுளம்பும். கறுப்பு ஈ குத்துவதற்கு முன் உடுப்புக்குள் ஊர்ந்து போகும். மணிக்கட்டையும் காற்சட்டை நுனியையும் ரேப்பால் சுற்றிக் கட்டி, தலைக்கு வலை போடாதவர் பரணில் அரை மணி நேரம் அசையாமல் இருக்க மாட்டார். அசைந்தால் கரடி வராது.

இலையுதிர்காலத்தில் கதை வேறு. குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் வெறியில் கரடி ஒரு நாளில் 20,000 கலோரி வரை தின்னும். வளர்ந்த ஆண் 120 முதல் 270 கிலோ வரை வரும், அதே கரடி வசந்தத்தில் மெலிந்திருக்கும். பெரிய கரடி வேண்டும் என்பவர்களுக்குச் செப்டெம்பர் சரியாகத் தோன்றும். ஆனால் புளுபெரியும் ஓக் கொட்டையும் ஹேசல் கொட்டையும் நன்றாகக் காய்த்த வருடத்தில் கரடி உங்கள் பீப்பாயைத் திரும்பியும் பார்க்காது. வழிகாட்டி திறமையானவராக இருந்தாலும் அதற்கு மருந்து இல்லை. ஒக்டோபரில் வடக்கே கருவுற்ற பெண்கள் முதலில் குகைக்குப் போகத் தொடங்கும், பிறகு வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

இலையுதிர்காலத்தின் பெரிய ஆபத்து வெயில். ஒகஸ்ட் மாலையில் 25 பாகை வெப்பம் சாதாரணம். தடித்த தோலும் அதன் கீழ்க் கொழுப்பும் உடல் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். இறைச்சி முதலில் பழுதாவது இடுப்பு மூட்டைச் சுற்றி. சுட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடலை நீக்கி, தோலை உரித்து, கால்களைத் தனியாக்கி, 4 பாகைக்குக் கீழே உள்ள குளிர் அறையில் தொங்கவிட வேண்டும். வழிகாட்டியிடம் குளிர் அறை இல்லை என்றால் ஒகஸ்ட்டில் அவரிடம் போகாதீர்கள். ஐஸ் பைகள் வயிற்றுக்குள் வைக்க மட்டும் போதும், முழுக் கரடியைக் காப்பாற்றப் போதாது.

முதல் தடவை போகிறவருக்கு எங்கள் பரிந்துரை வசந்தம். மெலிந்த இறைச்சி, குளிர்ந்த இரவு, இரைக்கு வரும் கரடி. குட்டியுள்ள தாயை அடையாளம் காணும் கடினம் மட்டும் மிஞ்சும், அதற்குத்தான் வழிகாட்டியின் தானியங்கிக் கமரா. ஒவ்வொரு பீப்பாய்க்கும் எந்தெந்தக் கரடி வருகிறது என்று திகதியோடு படம் காட்ட முடியாதவர் அந்தப் பணத்துக்குப் பெறுமதியானவர் அல்ல.

பரணில் இருந்து பார்ப்பது

205 லீற்றர் பீப்பாய் ஏறத்தாழ 88 சென்ரிமீற்றர் உயரம். நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு பீப்பாயின் மேல் விளிம்பைத் தொட்டால் அது பெரிய கரடி. பாதி உயரம்தான் என்றால் ஒரு வருடத்துக் கரடி, விட்டுவிடுங்கள். காதுகளையும் பாருங்கள். சிறிய கரடிக்குக் காது பெரிதாகத் தலை உச்சியில் நிற்கும். வயதான ஆணுக்குத் தலை அகன்று, காதுகள் சிறிதாகிப் பக்கங்களுக்கு ஒதுங்கியதுபோல் தெரியும்.

தனியாக வந்த கரடி தனியாகத்தான் திரிகிறது என்று நினைக்கக் கூடாது. தாய் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு இரைக்கு முதலில் தான் மட்டும் வரும். பதினைந்து இருபது நிமிடம் காத்திருங்கள். அடிக்கடி ஒரே பக்கம் திரும்பிப் பார்க்கிறதா, மெல்லிய உறுமலால் எதையோ கூப்பிடுகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள். இலையுதிர்காலத்திலும் இதே பொறுமை வேண்டும் என்பதே எங்கள் நிலை.

சூட்டுக்கு .308 அல்லது .30-06 ரவை போடும் துவக்கு தாராளம். இரைக்கும் பரணுக்கும் தூரம் துவக்கு என்றால் 50 முதல் 100 மீற்றர், வில் என்றால் 15 முதல் 25 மீற்றர். கரடி பக்கவாட்டில் நின்று, உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னே போகும்வரை பொறுத்து, நெஞ்சின் நடுவே சுட வேண்டும். கொழுப்பும் அடர் மயிரும் காயத்தை அடைத்துவிடுவதால் இரத்தத் தடம் பெரும்பாலும் தெரியாது. அதனால் தப்பான சூடு மானைவிடக் கரடியில் கொடுமையானது. சுட்டபின் அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். எந்த மரத்துக்குப் பக்கத்தால் போனது என்று மனதில் குறித்துக்கொண்டு, தேட வழிகாட்டியைக் கூப்பிடுங்கள்.

பரணில் விபத்து நடப்பது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். முழு உடல் பாதுகாப்புப் பட்டி கட்டி, ரவை இறக்கிய துவக்கைக் கயிற்றால் தனியாக மேலே தூக்குங்கள். காற்று பீப்பாயிலிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். நல்ல வழிகாட்டி வெவ்வேறு காற்றுத் திசைக்கு ஏற்ற இரண்டு பரணாவது வைத்திருப்பார். பதிவு செய்யுமுன் இவற்றைக் கேளுங்கள்: ஒரு வேட்டைக்காரருக்கு எத்தனை இரை இடங்கள்? முந்திய வாரம் அங்கே யாராவது உட்கார்ந்தார்களா? கரடி காயப்பட்டுத் தொலைந்தால் என் வேட்டை அதோடு முடிந்ததாகக் கணக்கா? தோல் உரிப்பதும் காட்டிலிருந்து இழுத்து வருவதும் விலைக்குள் அடக்கமா?

ஒன்ராறியோவில் வசிப்பவர் சட்டப்படி வழிகாட்டி இல்லாமலும் கரடி வேட்டையாடலாம். வெளியிலிருந்து வருபவர் பொதுவாக உரிமம் பெற்ற கரடி வேட்டை நடத்துநர் ஊடாகவே போக வேண்டும். துவக்கு உரிமம் முதன்முறை கேட்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்கு முன் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் வேட்டைப் பயிற்சியும். மே மாதத்துக்கு ஆயத்தமாக வேண்டியவர் முந்திய இலையுதிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். கரடி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வேட்டை அறிக்கை கட்டாயம். பித்தப்பையை உடலிலிருந்து பிரித்து வைத்திருப்பது குற்றம். யார் விலை பேசினாலும் தொடாதீர்கள்.

ஐஸ்: வாடகைக் குடிலா, சொந்தக் கூடாரமா

சிம்கோ ஏரி 722 சதுர கிலோமீற்றர். தெற்கே உள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, முதலில் உறையும், பேர்ச் மீனுக்குப் பெயர்போனது. பாரி நகரத்தின் கெம்பன்ஃபெல்ட் குடா 40 மீற்றர் தாண்டும் ஆழம், தாமதமாக உறையும், லேக் ட்ரவுட்டும் வைட்ஃபிஷும் அங்கே.

குடில் வாடகைக்குக் கொடுப்பவர் உங்களைப் பனி வாகனத்தில் ஏற்றிப் போய், சூடாக்கி எரியும் குடிலில் விட்டு, துளையும் போட்டுக் கொடுப்பார். பெரும்பாலும் இரைக்கான மினோ என்ற சிறு மீன்களும் அதில் அடக்கம். சாப்பாடும் மீன்பிடி அனுமதியும் உங்கள் பொறுப்பு. கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குக் கீழும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு அனுமதி வாங்கத் தேவையில்லை, அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். பிள்ளைகளையும் அம்மா அப்பாவையும் கூட்டிப் போகும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

குடிலின் குறை, அது நகராது. பேர்ச் கூட்டம் நகரும். காலை இருந்த இடத்தில் மதியம் ஒன்றும் இராது. கூடாரக்காரர் அங்கேதான் வெல்கிறார். 15 சென்ரிமீற்றர் ஓகரால் (ஐஸ் துளைக்கும் கருவி) இருபது துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் பார்த்து, கொத்துகிற இடத்தில் கூடாரத்தை விரிப்பார். 60 முதல் 70 சென்ரிமீற்றர் தூண்டில் கோல், 4 இறாத்தல் தாங்கும் தூண்டில் நரம்பு, சிறிய ரங்ஸ்ரன் ஜிக் (உலோகப் பாரம் சேர்ந்த தூண்டில் முள்), அதில் மினோவின் தலைத்துண்டு. பேர்ச் அடியில் ஒட்டியே நிற்கும், ஜிக்கை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வைத்திருங்கள். ஆழத்திலிருந்து இழுத்த பேர்ச்சின் காற்றுப்பை வீங்கிவிடும், அதைத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. பத்து மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் பிடித்ததைத் தின்பதற்கென்றே பிடியுங்கள்.

வைட்ஃபிஷுக்கு எதிர்மாறு. அது 20 மீற்றர் ஆழத்துச் சரிவுகளில் நிற்கும், நடத்துநருக்கு அந்தச் சரிவு எங்கே என்று தெரியும். 20 சென்ரிமீற்றர் துளையும், 6 முதல் 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன் நரம்பும் வேண்டும். ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) ஒரு முழம் தூக்கி, விழவிட்டு, பத்து வினாடி அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். வைட்ஃபிஷ் பல தடவை இழுக்காது, மேல்நோக்கித் தூக்கும். நரம்பு தளர்ந்தால் மீன் வாயில் இருக்கிறது என்று பொருள். வாய் மென்மையானது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து போகும்.

ஆகவே வைட்ஃபிஷ், ட்ரவுட் என்றால் குடில். பேர்ச் என்றால் இரண்டாம் வருடத்திலிருந்து கூடாரம். ட்ரவுட், வைட்ஃபிஷ் பருவம் மார்ச் 15இல் முடியும், பேர்ச் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். அடிப்பரப்பு 7 சதுர மீற்றருக்கு உட்பட்ட துணிக் கூடாரத்துக்குப் பதிவு இலக்கம் தேவையில்லை.

கூடாரம் எடுப்பவருக்கு ஐஸின் பொறுப்பும் சேர்ந்தே வரும். தெளிந்த நீல ஐஸ் நடப்பதற்குக் குறைந்தது 10 சென்ரிமீற்றர், பனி வாகனத்துக்கு 12 முதல் 20, சிறிய காருக்கு 20 முதல் 30. வெள்ளை ஐஸ் என்றால் இரண்டு மடங்கு. உளிக்கம்பியால் சில அடிக்கொரு முறை குத்திப் பாருங்கள். கழுத்தில் ஐஸ் ஆணிகள் இரண்டு தொங்க வேண்டும், மிதக்கும் உடை இன்னும் நல்லது. விழுந்தால் 1-10-1 கணக்கை நினைவில் வைத்திருங்கள்: மூச்சைச் சீராக்க ஒரு நிமிடம், கைகால் வேலை செய்யப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து, ஆணியால் குத்தி ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

சிம்கோவில் காற்று ஐஸ் தட்டைப் பிளந்து கரையிலிருந்து விலக்கிவிடும். குடில்காரர் காலையில் அனுப்ப மறுத்தால் வாதாடாதீர்கள். இளஞ்சூடான குளிர்காலங்களில் பருவமே சில கிழமைகளாகச் சுருங்கிவிடும், ஆகவே ஐஸ் பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்புமா என்று பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் புரோப்பேன் சூடாக்கி எரித்தால் இரண்டு காற்றுத் துவாரமும் திறந்திருக்க வேண்டும், மின்கலத்தில் இயங்கும் கார்பன் மொனொக்சைட் எச்சரிப்புக் கருவியும் வேண்டும். விளிம்பைச் சுற்றிப் பனியை அணைத்துவிட்டுத் துவாரத்தையும் மூடுவது உயிரைப் பறிக்கும்.

சட்டிக்கு வரும்போது

பேர்ச்சின் தோலை உரித்து, சதையை எடுத்து, மஞ்சள் தூளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்தால் போதும். வைட்ஃபிஷ் கொழுப்பு மீன், புகைபோட நன்று.

கரடியில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. அதில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், வடக்கே உள்ள இனம் உறையவைத்தாலும் சாகாது. உள்ளே 71 பாகை செல்சியஸ் வரும்வரை வேக வேண்டும், இளஞ்சிவப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. வத்தல் போடுவது, இலேசாகப் புகைபோடுவது இரண்டும் வேண்டாம். உறையவைக்குமுன் கொழுப்பை முழுதாக வெட்டி எடுத்துவிடுங்கள், குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் அது காறிப்போகும். தோள், தொடை இறைச்சியைத் துண்டாக்கி, வறுத்த கறித்தூளும் இஞ்சி உள்ளியும் போட்டு, மூடி இரண்டரை மணி நேரம் மெல்லிய நெருப்பில் வைத்தால் எலும்பிலிருந்து கழன்று வரும்.