கிளிமஞ்சாரோ: மரங்கு வழியா, மச்சாமே வழியா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மச்சாமே. போன ஜனவரியில் அந்த வழியாக 7 நாள் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். மரங்கு வழியில் மாண்டரா குடில் வரை ஒரு பகல் நடந்ததோடு சரி. அதற்கு மேலே உள்ளதைப் போய் வந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஷிரா, மாவென்சி, கீபோ என்று மூன்று எரிமலைகள் சேர்ந்தது இந்த மலை. முதல் இரண்டும் அணைந்துவிட்டன. கீபோ உறங்குகிறது; அதன் விளிம்பில்தான் 5,895 மீட்டர் உயர ஊஹுரு உச்சி. இரண்டு வழியும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

மரங்குவில் படுக்கக் கட்டிலோடு குடில்கள் உண்டு, சரிவு குறைவு, செலவும் குறைவு. ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும். மச்சாமேயில் கூடாரம்தான்; இறங்குவது ம்வேக்கா வழியாக. இதனால்தான் சுலபமான மரங்குவுக்கு கோகோகோலா பாதை, கடுமையான மச்சாமேக்கு விஸ்கி பாதை என்று பட்டப்பெயர். காட்சி மச்சாமேயில் அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு இவை எதுவும் பெரிதாகப் படவில்லை. உடம்பு உயரத்துக்குப் பழக எத்தனை இரவு கிடைக்கிறது என்பது ஒன்றைத்தான் பார்த்தேன். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். மரங்குவின் 5 நாள் திட்டத்தில் முதல் இரவு சுமார் 2,720, இரண்டாவது 3,720, மூன்றாவது 4,720 மீட்டர். அதே நள்ளிரவில் எழுந்து உச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் ஆயிரம் ஆயிரமாக ஏறினால் உடம்பு எப்படித் தாங்கும்?

மச்சாமேயிலும் முதல் இரண்டு நாள் ஏற்றம் கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் லாவா டவர் என்ற பாறை வரை சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு, பராங்கோ முகாமுக்கு இறங்கி 3,950-இல் படுக்கிறோம். அன்று மதியம் பாறையடியில் எனக்குத் தலை விண்விண் என்று தெறித்தது, சூப்புகூட இறங்கவில்லை. பராங்கோ வந்து இரண்டு மணி நேரத்தில் பசித்தது. கூடாரத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே ராட்சத செனேசியோ மரங்கள். காய்ந்த இலையை உதிர்க்காமல், ராக்குளிருக்குக் கம்பளி போர்த்தியதுபோல் தண்டிலேயே சுற்றி வைத்திருக்கின்றன. மறுநாள் பராங்கோ சுவர் என்ற செங்குத்துப் பாறையில் நான் கையூன்றித் தவழ்ந்தபோது, சுமைதூக்கும், மலையடிவாரத்துச் சக்கா இன இளைஞர்கள் தலைச்சுமையோடு என்னைத் தாண்டிப் போனார்கள். அன்றிரவு கராங்கா முகாமில், அதுவும் ஏறத்தாழ 4,000 மீட்டர்தான். அதற்கடுத்துத்தான் உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபு. சுவாஹிலியில் பராஃபு என்றால் பனிக்கட்டி. என் தண்ணீர்ப் புட்டி அங்கே அப்படியே உறைந்துபோனது.

‘முதன்முதலில் உச்சியைத் தொட்டவர்களே மரங்குவிலிருந்துதானே போனார்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஜெர்மானியர் ஹான்ஸ் மேயரும் ஆஸ்திரியர் லுட்விக் புர்ட்ஷெல்லரும் அங்கிருந்து கிளம்பி 1889 அக்டோபர் 6 அன்று உச்சியை அடைந்தார்கள். யோஹானி லாவோ என்ற சக்கா இளைஞர் வழிகாட்டினார் என்று மரங்குக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். ஆனால் மேயர் 1887-இல் தோற்றுத் திரும்பியவர். 1889-இல் கீபோவுக்கும் மாவென்சிக்கும் நடுவே முகாம் போட்டு, கீழேயிருந்து உணவை வரவழைத்துக்கொண்டு உயரத்திலேயே பல நாள் தங்கினார். அக்டோபர் 3-இல் கீபோவின் எரிமலைவாய்ப் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டு, நேரமாகிவிட்டதால் இறங்கி, மூன்று நாள் கழித்து மறுபடி ஏறி வென்றார். ஜெர்மன் பேரரசர் பெயரை அவர் வைத்த அந்த உச்சிதான், 1961-இல் தங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) விடுதலை பெற்றபோது ஊஹுரு, அதாவது சுதந்திரம், ஆனது. அவருக்குக் கிடைத்த நாட்கள் இன்றைய 5 நாள் திட்டத்தில் கிடைக்காது.

மழைக்காலத்தில் மச்சாமே எப்படி என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. அப்போது குடில்தான் நல்லது என்று வழிகாட்டிகள் சொன்னார்கள், நம்புகிறேன்.

அடுத்த வருடம் என் அக்கா போகிறாள். கூடாரத்தில் படுக்கவே மாட்டேன் என்கிறாள். சரி, மரங்குவிலேயே போ, ஆனால் 6 நாள் திட்டமாக எடுத்து 3,720 மீட்டரில் உள்ள ஹொரொம்போ குடிலில் இரண்டு இரவு தங்கு என்று சொல்லியிருக்கிறேன். முன்பணம் கட்டும் முன்பே அந்த இரண்டாவது இரவை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.