கண்புரை அறுவைக்குப் பின் தச்சு வேலையில் அணிந்த பாதுகாப்புக் கண்ணாடி

கண்புரை அறுவை முடிந்து, மருத்துவரின் ஒப்புதலுடன் தச்சுப் பட்டறைக்குத் திரும்பிய நாளிலிருந்து, பக்கங்களும் மூடிய இந்தப் பாலிகார்பனேட் கண்ணாடியை ஆறு வாரங்களாக அணிந்து வருகிறேன். இக்காலத்தில் இவ்வறுவைக்குப் போடப்படும் கீறல் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான், தையலும் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. ஆயினும் அது ஆறும்வரை தூசியும், நம்மை அறியாமல் கண்ணைக் கசக்கப் போகும் நம் கையுமே பெரும் பகை. இழைப்புளி ஓட்டும்போது எகிறும் சுருள்களும், அவற்றைவிட நுண்ணிய மரத்தூளும் உள்ளே புகவில்லை. மாலையில் கழற்றிப் பார்த்தால், மூக்கின் மேல் அமரும் ரப்பர் விளிம்பின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய கோடாகத் தூள் படிந்திருக்கும்.

குறை என்றால் வியர்வைதான். அரை மணி நேரத்தில் உட்புறம் ஆவி படிந்துவிடுகிறது. உடனே கழற்றித் துடைக்கத் தோன்றும் அந்தக் கணமே ஆபத்தானது என்பதால், ஒவ்வொரு முறையும் பட்டறைக்கு வெளியே சென்று, கை கழுவிய பிறகே கழற்றினேன். தலைப்பட்டையும் சற்று இறுக்கம். குனிவதையும் பளு தூக்குவதையும் பொறுத்தவரை எந்தக் கண்ணாடியும் உதவாது. அதற்கு மருத்துவர் சொல்லும் நாள்கணக்கே கணக்கு. அடுத்த கண்ணுக்கும் அறுவை இருக்கிறது. தூசி நேராகப் புகாதபடி வளைந்த காற்றுத்துளைகள் கொண்ட வகை கிடைத்தால், அப்போது அதையே வாங்குவேன்.