வீடுகளுக்கு மேலே ஒரு பழைய மண் அணை: உயர்த்துவதா, கவசமிடுவதா, அகற்றுவதா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடகிழக்கே உள்ள குவின்னெட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), யெல்லோ ஆற்றில் கலக்கும் ஓடைகளின் குறுக்கே 1960களில் வெள்ளத் தடுப்புக்கென்றே சில சிறிய மண் அணைகள் கட்டப்பட்டன. அன்று அணைகளுக்குக் கீழே பெரும்பாலும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களுமே இருந்தன. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ 43,500. 2020இல் அது 9,57,000ஐத் தாண்டிவிட்டது. அணைகளில் எந்த மாற்றமும் நேராதபோதே, அவற்றுக்குக் கீழே ஒரு பெருநகரத்தின் புறநகர் எழுந்துவிட்டது. இத்தகைய பழைய அணையை என்ன செய்வது என்பதற்கு ஒன்றோடொன்று போட்டியிடும் வழிகள் பல உள்ளன. செலவை மட்டும் வைத்து அவற்றை ஒப்பிடுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய மழை ஓர் இரவில் கொட்டினால் ஒவ்வொரு வழியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இத்தகைய அணைகள் எழுந்த பின்னணி இது. 1934இல் ஒக்லஹோமா மாநிலத்தின் ஹாமன் ஊரில் வாஷிட்டா ஆற்று வெள்ளம் 17 பேரைப் பலிகொண்டது. 1944இல் இயற்றப்பட்ட வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த ஆற்றையும் சேர்த்து 11 வடிநிலங்களில் சிறு அணைகள் கட்டும் பணிகளுக்கு வழி திறந்தது. அதன்படி முதல் அணை 1948இல் ஒக்லஹோமாவின் கிளவுட் சீஃப் அருகே எழுந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை நாடு முழுவதற்கும் விரித்தது. அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் மொத்தம் 11,800க்கும் மேற்பட்ட சிறு அணைகள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 50 ஆண்டு ஆயுளே கணக்கிடப்பட்டிருந்தது. அந்தக் காலம் பலவற்றுக்கு முடிந்துவிட்டது.

இந்த அணைகளின் இயக்கம் எளிமையானது. நீருக்குள் நிற்கும் கான்கிரீட் கோபுரத்தின் வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் குழாயின் மூலம் ஓடைக்குப் போகும். வெள்ளத்தை வெளியேற்ற ஷட்டரைத் திறக்க வேண்டியதில்லை, இயக்க ஆளும் தேவையில்லை. பிடித்து வைத்த வெள்ளத்தின் பெரும்பகுதி பத்து நாளுக்குள் வடிந்துவிடும். குழாயால் சமாளிக்க முடியாத வெள்ளம், நம் ஏரிகளின் கலிங்கு போல, கரையின் ஒரு முனையில் புல் வளர்த்து வைத்திருக்கும் அகன்ற மண் வாய்க்கால் வழியே வழிந்தோடும்.

சிக்கல் தொடங்குவது அந்த வாய்க்காலின் அளவில்தான். அணை உடைந்தால் உயிர்ச்சேதம் நேராது என்ற தாழ்ந்த அபாய வகைக்கு, நூறாண்டு மழையைவிட, அதாவது எந்த ஓர் ஆண்டிலும் பெய்ய நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மழையைவிட, சற்றே கூடுதலான மழையைத் தாங்கினால் போதும். துல்லியமாகச் சொன்னால், நூறாண்டு மழைக்கும் அந்த இடத்தில் பெய்யச் சாத்தியமான அதிகபட்ச மழைக்கும் உள்ள இடைவெளியில் 12 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கீழே மக்கள் குடியேறி அதே அணை உயர்ந்த அபாய வகைக்கு மாறிவிட்டால், அந்த அதிகபட்ச மழை முழுவதையும் அது தாங்கியாக வேண்டும். கரையில் ஒரு கூடை மண்கூடக் கரையாதிருந்தும், கீழே கட்டப்படும் வீடுகளாலேயே ஒரு நல்ல அணை தகுதியற்றதாகிவிடுகிறது.

சிறிய அணைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதே ஜார்ஜியாவில், டொக்கோவா அருகே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 40 அடி உயரம் கொண்டது. அது வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்டதன்று என்றாலும், அதுவும் மண் அணைதான். 1977 நவம்பர் 6ஆம் தேதி அதிகாலையில் அது உடைந்தபோது, கீழே ஒரு கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உள்பட 39 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே ஜார்ஜியா தனக்கென ஓர் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

முதல் வழி, கரையை உயர்த்துவதும் புல் வாய்க்காலை அகலப்படுத்துவதும் ஆகும். தேவைப்படுவது மண்ணும் ரோலரும் மட்டும் என்பதால் உள்ளூர் ஒப்பந்ததாரரே செய்துவிட முடியும். நிலம் கிடைக்கும் கிராமப்புறத்தில் இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் கரையை உயர்த்தினால் வெள்ளக் காலத்தில் நீர் மேல்புறத்தில் மேலும் பரந்து நிற்கும். அங்குள்ள மனைகளின் மீதும் உரிமை பெற வேண்டும். வாய்க்காலை அகலப்படுத்தக் கரையின் முனையில் வெற்றிடம் வேண்டும். புறநகரில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு வீடோ சாலையோ இருக்கும்.

அதைவிட முக்கியமானது, புல் வாய்க்கால் சேதமடையும் விதம். ஒரு மரத்தைச் சுற்றியோ, வண்டித்தடத்தின் பள்ளத்திலோ நீர் ஒருமுகப்பட்டு வேகமெடுக்கும். புல் பிய்ந்து, வாய்க்காலின் கீழ் முனையில் ஓர் அடி ஆழத்தில் படிபோல ஒரு வெட்டு விழும். வழிந்து விழும் நீர் அந்த வெட்டின் அடியைக் குடைந்துகொண்டே போக, அது அணையை நோக்கிப் பின்னோக்கி நகரும். மழை சில மணி நேரத்தில் நின்றுவிட்டால் அது பழுதுபார்க்கக்கூடிய பள்ளம். நிற்காவிட்டால், அந்த வெட்டு வாய்க்காலின் தலைப்பைத் தொடும் கணத்தில் தேங்கியிருந்த நீர் மொத்தமும் வெளியேறும். இந்த வழியைத் தேர்ந்தால், எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெள்ளத்தில் கிடைப்பது கூடுதல் அவகாசம் மட்டுமே. நீர் இன்னும் உயரத்தில் நிற்பதால், உடைந்தால் வரும் அலையும் பெரிதாக இருக்கும்.

இரண்டாவது வழி, நீர் கரையின் மேலேயே வழிந்து போகட்டும் என்று ஏற்றுக்கொண்டு, கரைக்குக் கவசமிடுவது. ஈரப்பதம் குறைந்த கான்கிரீட்டை ஓரடி கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ரோலரால் இறுக்கி, கீழ்ச்சரிவு முழுவதும் படிகளாக எழுப்புகிறார்கள். கட்டுவதற்கு வசதியான அதே படிகள், இறங்கும் நீரின் வேகத்தையும் உடைக்கின்றன. அடியில் ஒரு கான்கிரீட் தொட்டி மிச்ச வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இதற்குப் புதிய நிலம் ஏறக்குறைய தேவையில்லை. வெள்ளம் அக்கம்பக்கத்து மனைகளுக்குள் திரும்பாமல் பழைய ஓடைப் பள்ளத்திலேயே இறங்கும். குவின்னெட்டில் யெல்லோ ஆற்று அணைகள் சிலவற்றுக்கு இந்த வழியையே தேர்ந்தார்கள். அந்தச் சூழலில் அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. செலவு மண் வேலையைவிடப் பல மடங்கு ஆகும். கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் இடையே மணலும் சரளையும் கொண்ட வடிகால் அடுக்கை ஒழுங்காக அமைக்காவிட்டால், கசிந்து வரும் நீர் பின்னாலிருந்து கவசத்தையே தள்ளும். இதுவரை கண்ணால் பார்த்து ஆய்வு செய்ய முடிந்த கீழ்ச்சரிவின் பெரும்பகுதி மூடப்பட்டுவிடுவதால், ஈரத் திட்டு, சரிவு, விலங்கு வளை போன்ற அறிகுறிகள் அங்கே இனித் தெரியாது. கட்டுகிறபோதே அளவுக் கருவிகளைப் பதித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கான்கிரீட் கலிங்கின் முடியைக் கோணல்மாணலாக மடித்து, அதே அகலத்துக்குள் வழியும் நீளத்தைப் பல மடங்காக்கும் உத்தியும் உண்டு. இடமும் குறைவு, நீர்மட்டத்தையும் உயர்த்த இயலாது என்ற நிலையில் அது சிறந்தது. ஆனால் வழியும் நீரின் ஆழம் கூடக் கூட அதன் அனுகூலம் தேய்ந்துவிடும்.

இதுவரை சொன்ன எதைச் செய்தாலும், கரைக்கு அடியிலுள்ள பழைய குழாயைச் சரிசெய்யாவிட்டால் பணம் வீண். அந்தக் காலத்தில் கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் கழுத்துப்பட்டைகளை வைத்தார்கள். பட்டைகளின் ஓரத்தில் ரோலர் எட்டாது; கையால் இடித்த மண் இறுகாமல் நின்று, நீர் ஊர்ந்து செல்லும் பாதையாகிவிட்டது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பட்டைகளைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணல் வடிகட்டியை அமைக்கிறார்கள்; அது நீரை விட்டு, மண் துகளைப் பிடித்துக்கொள்கிறது. குழாயின் வெளிமுனை ஓரத்தில் தெளிந்த நீர் கசிந்தால் அளந்து கண்காணிக்கலாம். கலங்கிய நீர் வந்தால், கரை உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அன்றே நீர்மட்டத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். மழையே இல்லாத ஒரு பகலிலும் அணையை உடைக்கக்கூடிய ஆபத்து இது.

மூன்றாவது வழி, அணையை அகற்றுவது. வண்டல் நிரம்பிவிட்ட, கீழே காப்பாற்ற வேண்டியது அதிகமில்லாத அணைக்கு இதுவே நேர்மையான தீர்வு. உடைவதற்கு ஒன்றும் இல்லாதபடி செய்வதால், அந்தப் பேராபத்தை முழுவதுமாக நீக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் கரையில் ஒரு வாயை வெட்டிவிட்டுப் போய்விட முடியாது. அரை நூற்றாண்டாகப் படிந்த வண்டல் இறங்கி ஓடையை மூடாமல் காக்க வேண்டும். அணை இருக்கிறது என்ற கணக்கில் கட்டிய பாலங்களையும் சிறு மதகுப் பாலங்களையும் பெரிதாக்க வேண்டும். அபூர்வமான பேராபத்துக்குப் பதிலாக, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சாதாரண வெள்ளம் மறுபடி வீடுகளுக்குள் நுழையும். குவின்னெட் போன்ற இடத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழி அணையைத் தொடாமல், உடைப்பு அலை பாயும் பகுதியிலுள்ள வீடுகளை விலைக்கு வாங்கி மக்களை வேறிடத்தில் குடியமர்த்துவது. நான்கைந்து வீடுகள் மட்டுமே இருந்தால் கான்கிரீட்டைவிட இது மலிவாகவே முடியும். அணையும் தாழ்ந்த அபாய வகைக்குத் திரும்பும். ஆனால் அந்தப் பகுதியில் மக்கள் வாழும் ஒரே ஒரு வீடு மிஞ்சினாலும் அபாய வகை இறங்காது. ஒருவர் விற்க மறுத்தால் மற்றவர்களுக்காகச் செய்த செலவு நோக்கத்தை எட்டாது. பிடிவாதம் என்று அவரைக் குறை சொல்லவும் இயலாது. அணையால் ஆபத்து வரக்கூடும் என்று வீடு வாங்கியபோது அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உடைப்பு அலை பாயும் பகுதியின் வரைபடம் மனைப் பதிவு ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அது இல்லாதவரை, இன்று கவசமிடும் அணைக்குக் கீழேயும் நாளை புதிய வீடுகள் வரும்.

2000ஆம் ஆண்டில் இந்த அணைகளைச் சீரமைப்பதற்கென்றே சட்டம் திருத்தப்பட்டது; அதன்படி செலவில் 65 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசும், எஞ்சிய 35 சதவீதத்தை உள்ளூர் அமைப்பும் ஏற்கின்றன. இந்தப் பங்கீடு சீரமைப்புக்கு மட்டுமே. புல்லை வெட்டுவது, கரையில் முளைக்கும் மரக்கன்றுகளைப் பிடுங்குவது, கோபுர வாயில் சேரும் கிளைகளையும் குப்பையையும் அகற்றுவது, குழாய்க்குள் கேமரா செலுத்திப் பார்ப்பது ஆகிய எல்லாமே உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. அணை உள்ளவரை ஆண்டுதோறும் வரும் இந்தத் தொகையை முதலிலேயே கணக்கில் சேர்க்காமல் வழிகளை ஒப்பிடும் எந்த அறிக்கையையும் ஏற்கக் கூடாது.