குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவருக்கு ஏ.ஏ. கூட்டம் எதற்கு? ஒரு மதிப்புரை

குடிநோயிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ.வின் கூட்டங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குடியை நிறுத்தும் முதல் மாதங்களைப் பற்றியே பேசுகிறார்கள். கை நடுக்கம் நின்று, வீட்டில் நம்பிக்கை திரும்பி, அலுவலகத்தில் பொறுப்புகள் கூடி, குடிக்காமல் இருப்பதே இயல்பாகிவிட்ட ஒருவருக்கு அவை என்ன தருகின்றன என்பதைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. சென்னையில் தமிழில் நடக்கும் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருபவன் என்ற முறையில், அந்த ஒரு கேள்வியை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஏ.ஏ. மரபுப்படி என் பெயரைக் குறிப்பிடவில்லை. கூட்டத்தில் பிறர் பகிர்ந்துகொண்ட எதையும் இங்கே எழுதப்போவதுமில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. பள்ளி வகுப்பறையிலோ தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ மாலையில் கூடுகிறார்கள். விரும்பியவர் தம் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கிப் பேசலாம். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை. அறை வாடகையும் தேநீர்ச் செலவும் உறுப்பினர்கள் போடும் பணத்திலேயே நடக்கின்றன. வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பக்கவாதத்தில் விழுந்த ஆண்டில், ஆட்குறைப்பு முடிந்திருந்த கணக்குப் பிரிவில் மூவர் பார்த்த வேலை என் ஒருவன் தலையில் இருந்தது. பணியிடத்து நீடித்த மன அழுத்தம் சரிவரக் கையாளப்படாமல் போவதால் வரும் சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், செய்யும் வேலையில் திறன் குன்றிவிட்டதாகத் தோன்றுதல் ஆகிய மூன்றையும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் ‘பர்ன் அவுட்’ என்று விளக்குகிறது. இதை ஒரு நோயாக அல்லாமல் பணிசார்ந்த நிலையாகவே அது கருதுகிறது. அந்த மூன்றும் என்னிடம் இருந்தன. ஆனால் அந்த மாதங்களில் மதுவின் நினைவு எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை, ஆபத்தும் அங்கேதான் இருந்தது. மதிய உணவு தவறியது, உறக்கம் கெட்டது, நண்பர்களின் அழைப்புகளை எடுக்காமல் விட்டேன், மருத்துவமனை வரிசையில் முன்பின் தெரியாதவரிடம் எரிந்து விழுந்தேன். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கவனிக்கச் சொல்லி மீட்சியில் இருப்பவர்களுக்குக் கற்பிப்பார்கள். புதிதாக நிறுத்தியவர் இவற்றுக்கு அஞ்சுகிறார். பல ஆண்டுகள் கடந்தவரோ, தமக்கு இவற்றால் ஒன்றும் ஆகாது என்று எண்ணிவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் கூட்டம் தன் வேலையைச் செய்கிறது. வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: நம் சோர்வைப் பார்த்த மாத்திரத்தில் அது எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்று அறிந்த மனிதர்கள். வீட்டாருக்கு நம் களைப்பு களைப்பாகத் தெரிகிறது, மேலதிகாரிக்கு மெத்தனமாகத் தெரிகிறது. என் ஸ்பான்சர், அதாவது மீட்சியில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர், என்னைவிட வயதில் மூத்தவர், தொலைபேசியை எடுத்ததும் அவர் கேட்டது, “சாப்பிட்டீங்களா தம்பி?” என்பதுதான். இல்லை என்றதும், சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டார். மீட்சிக்கு ஏ.ஏ. வகுத்த வழியான பன்னிரண்டு படிகளைப் பற்றிய பேச்செல்லாம் அதன் பிறகுதான் வந்தது.

சேவை என்று அவர்கள் சொல்வதையும் குறிப்பிட வேண்டும். நாற்காலி போடுவதும், தேநீர் தயாரிப்பதும், புதிதாக வந்தவரின் அருகில் அமர்ந்து அடுத்த கூட்டம் எங்கே என்று சொல்வதும் சிறிய வேலைகள்தான். ஆனால் அலுவலகத்தில் எதைச் செய்தாலும் போதாது என்றாகிவிட்ட காலத்தில், தொடங்கி முடிக்கக்கூடிய ஒரு வேலை, அதுவும் இன்னொரு மனிதருக்கு உடனே பயன்படும் வேலை, மனத்தை எவ்வளவு தூரம் நிலைநிறுத்துகிறது என்பதை அனுபவித்தவனாகவே எழுதுகிறேன். களைத்தவரிடம் மேலும் ஒரு பொறுப்பைக் கொடுப்பதா என்ற கேள்வி நியாயமானது. அதனால் கடினமான காலத்தில் ஒரு கூட்டத்தின் சிறு பணியோடு நின்றுகொண்டு, குழுவின் நிர்வாகப் பொறுப்புகளை மற்றவரிடம் ஒப்படைப்பது நல்லது.

குடியை விட்டு ஆண்டுகள் ஆனவரும் சோர்வில் விழக்கூடும் என்பதற்கு ஏ.ஏ.வின் வரலாறே ஒரு சான்று. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் மருத்துவர் பாப் ஸ்மித்தோடு சேர்ந்து இதைத் தொடங்கிய பில் வில்சன், 1934 டிசம்பரிலேயே குடியை விட்டவர். 1944 முதல் ஏறத்தாழ பதினோராண்டுகள் அவர் கடும் மனச்சோர்வில் தவித்தார். மனநல மருத்துவரை நாடினார். அக்காலத்தில் அவர் குடிக்கவில்லை. உணர்வு நிலையிலும் நிதானம் அடைவதே அடுத்த கட்டம் என்று 1958இல் ஏ.ஏ. இதழில் எழுதினார். நிறுவியவரே மூழ்கினார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆண்டுக் கணக்குக்குத் தரும் மரியாதை, நெடுநாள் குடிக்காதவரை ஒரு முன்மாதிரியாக உட்கார வைத்துவிடுகிறது. தம் ஆண்டு நிறைவுக்குக் கைதட்டல் வாங்கியவர் மறுவாரம் எழுந்து, தம்மால் முடியவில்லை என்று சொல்வது எளிதன்று. குழுவில் மூத்தவர்கள் தாங்களே தங்கள் தளர்ச்சியைப் பேசினால்தான் இந்தத் தயக்கம் உடையும், அது குழுவுக்குக் குழு மாறுபடுகிறது. இறை சக்தியைப் பற்றிய பேச்சு எல்லோருக்கும் ஒத்துவராது. தமிழ்க் கூட்டங்களில் பெண்கள் மிகக் குறைவு. மருத்துவர் தந்த மனச்சோர்வு மாத்திரையை மதுவோடு சேர்த்துப் பேசும் உறுப்பினர்களையும் சந்திக்க நேரலாம். உறுப்பினர் எவரும் மருத்துவராகச் செயல்படக் கூடாது என்று ஏ.ஏ.வின் வெளியீடே தெளிவாகச் சொல்கிறது. எனவே அத்தகைய பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஆய்வுச் சான்றையும் அதன் எல்லையோடு பார்க்க வேண்டும். 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, ஏ.ஏ.வையும் அதில் பங்கேற்கத் தூண்டும் முறைப்படுத்தப்பட்ட சிகிச்சைகளையும் மதிப்பிட்டு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் அவை மற்ற சிகிச்சைகளைவிடச் சிறந்த பலன் தருவதாகக் கண்டது. அது அளந்தது முக்கியமாகக் குடியையும் அதன் விளைவுகளையும்தான். பணிச்சோர்வும் மனச்சோர்வும் தீருமா என்பதற்கு அதில் விடை தேட முடியாது. அம்மாவுக்குப் பகல்நேரத் துணையாள் அமர்த்தியது, விடுப்பு எடுத்தது, மனநல மருத்துவரைப் பார்த்தது ஆகியவை என் களைப்பைக் குறைத்தன. கூட்டம் அதுவரை என்னைக் குடிக்காமல் வைத்திருந்தது.

ஆகவே, நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகி, கூட்டங்களை விட்டு விலகியிருப்பவர்களுக்கு, வேலையோ வீடோ நெருக்கும் காலத்தில் இந்தக் கூட்டங்களை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். இரண்டு மூன்று குழுக்களுக்குப் போய்ப் பார்த்து, மூத்தவர்கள் மனம் திறந்து பேசும் குழுவைத் தேர்ந்துகொள்ளுங்கள். குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் நீடித்தால் கூட்டத்தோடு நிற்காமல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அழையுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.