முதல் ஜோடி எது: ஜீப்ராவா, பெங்காலீஸா?

தை பிறந்து சம்பாக் கதிர் பழுக்கும் நேரத்தில் தஞ்சை டெல்டாவில் பாபநாசம் பக்கம் வயல் வரப்பில் நின்றால், சில்லைகள் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். தடித்த சின்ன அலகு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. எங்கள் பக்கம் நெல்லுக்குருவி என்பார்கள். இதே மாதிரி விதை தின்னும் சின்னக் கூண்டுக் குருவிகளை ஃபின்ச் என்பார்கள்; ஜீப்ரா, பெங்காலீஸ் எல்லாம் அதில் வகைகள். வீட்டில் ஃபின்ச் வளர்க்கும் ஆசை எனக்கு இந்த வரப்பில்தான் வந்தது.

அந்தச் சில்லையையே பிடித்து வளர்க்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பச்சை, மஞ்சள் சாயம் பூசிக் கலர் குருவி என்று விற்பதும் பெரும்பாலும் இதே பறவையைத்தான். பாவம், சாயத்தோடு கொஞ்ச நாள்தான் தாங்கும். வாங்கவே வாங்காதீர்கள். வெளிநாட்டு வகைகளில் கூல்டியன் கண்ணைப் பறிக்கும், ஆனால் விலையும் கூடுதல், உடம்பும் மென்மையானது. ஜாவா குருவி, அழியும் நிலை உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச உடன்பாட்டின் 2-ஆம் இணைப்பில் இருப்பதால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆக, முதன்முறை குஞ்சு எடுத்துப் பார்க்க நினைப்பவருக்கு மிஞ்சுவது ஜீப்ராவும் பெங்காலீஸும்தான். இரண்டையும் நான் வளர்த்திருக்கிறேன். இரண்டுமே எளிது என்று கடையில் சொல்வார்கள். எளிதுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் எளிது. சிக்கல் எந்த இடத்தில் வரும் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் முதல் வருடம் வீணாகாது.

பெங்காலீஸில் சிக்கல் ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நான் முதலில் வாங்கியது பெங்காலீஸ்தான். ஜோடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் ஒட்டி உட்கார்ந்தன, ஒன்றையொன்று கோதிவிட்டன, ஒரே கூட்டில் படுத்தன. மூன்றாவது வாரம் முட்டை வந்தது. ஆறு, ஏழு என்று ஏறி, 11 முட்டையில் போய் நின்றது. வீடே சந்தோஷப்பட்டது. இரண்டும் மாறி மாறி 20 நாள் அடைகாத்தன, ஒன்றும் பொரியவில்லை. அத்தனையும் கூமுட்டை. இரண்டுமே பெண்! ஃபின்ச் பொதுவாக 4 முதல் 6 முட்டை வரைதான் இடும். ஒரே கூட்டில் 8-க்கு மேல் போனால் இரண்டு பெண்கள் இடுகின்றனவோ என்று சந்தேகப்பட வேண்டும். அது அப்போது எனக்குத் தெரியாது. அந்த இரண்டு குருவிகளும் அத்தனை நாள் பொறுமையாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

பெங்காலீஸில் ஆணைக் கண்டுபிடிக்கப் பாட்டு ஒன்றுதான் வழி. ஆண் மட்டுமே பாடும். இறகை உப்பிக்கொண்டு, குச்சியில் சின்னதாகக் குதித்துக்கொண்டே பாடும். ஒரு குருவியை ஒரு நாள் தனியாக வைத்துவிட்டு, மறுநாள் காலை மற்றொன்றின் பக்கத்தில் விட்டால் ஆணாக இருந்தால் உடனே தொடங்கிவிடும். கூட்டமாக வைத்திருக்கும்போது எது பாடியது என்று மறந்துபோகும், அதனால் காலில் கலர் வளையம் மாட்டிவிடுங்கள். நாலைந்து இளங்குருவிகளாக வாங்கி, இரண்டு வாரம் காது கொடுத்துக் கேட்டுப் பிரித்தால் தப்பாது. இது நம் நாட்டிலும் இருக்கும் வெண்முதுகுச் சில்லையிலிருந்து வந்த வளர்ப்புப் பறவை. ஜப்பானில் 200 ஆண்டுகளுக்கும் மேலாகக் கூண்டிலேயே வளர்ந்தது, காட்டில் கிடையாது. காட்டுச் சில்லையைவிட இதன் பாட்டு சிக்கலானது என்று ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒகனோயா காட்டியிருக்கிறார். நாமும் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு ஆணுக்கும் பாட்டு வேறு என்பது புரியும்.

ஜீப்ராவில் இந்தத் தொல்லையே இல்லை. சாம்பல் நிற வகையில் ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் கறுப்பு வெள்ளைக் கோடு, விலாவில் செம்பழுப்பு மேல் வெள்ளைப் புள்ளி. பெண்ணுக்கு இது எதுவும் இருக்காது, அலகும் கொஞ்சம் வெளிறிய ஆரஞ்சு. பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். முழு வெள்ளையை மட்டும் முதலில் வாங்க வேண்டாம், அதில் அலகு நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஜீப்ராவின் சிக்கல் முட்டைக்குப் பிறகு வருகிறது. நிறுத்தத் தெரியாத பறவை அது. ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியில் மழை பெய்து புல் விதை கிடைக்கும்போது உடனே கூடு கட்டிப் பழகியது. நம் வீட்டிலோ தினமும் தீனி, தினமும் தண்ணீர். அதனால் ஓயாமல் இட்டுக்கொண்டே இருக்கும். குஞ்சு இன்னும் கூட்டை விட்டு வெளியே வராத நேரத்தில் அடுத்த முட்டையை இடும். கூட்டில் நார் மிச்சம் கிடந்தால் முட்டைக்கு மேலேயே அடுக்கி மூடிவிட்டு, அதன்மேல் மறுபடி இடும். பெண்ணின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து உறிஞ்சப்பட்டு, ஒருநாள் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டு செத்தும் போகும். முதல் முட்டை விழுந்ததும் நார் போடுவதை நிறுத்துவது, இரண்டு ஈடு (ஒரு தடவை முட்டையிட்டுக் குஞ்சு எடுப்பது ஒரு ஈடு) முடிந்ததும் கூட்டையே எடுத்துவிட்டு மூன்று மாதம் ஓய்வு கொடுப்பது: இந்த இரண்டையும் செய்யும் உறுதி இருந்தால் ஜீப்ரா நல்ல தேர்வு.

குஞ்சு வளர்ப்பதில் பெங்காலீஸுக்கு ஈடு இல்லை. கூல்டியன் முட்டையை அடியில் வைத்தால்கூடத் தன் குஞ்சாக நினைத்து ஊட்டும். அதற்காகவே இதை வளர்க்கிறவர்கள் உண்டு. ஜீப்ரா 12 முதல் 14 நாளில் பொரிக்கும். பெங்காலீஸ் ஒன்றிரண்டு நாள் கூட எடுக்கலாம். அடைகாக்கத் தொடங்கி ஐந்தாறு நாள் கழித்து போன் டார்ச்சில் முட்டையைப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும். ஒரு தடவை பார்த்தால் போதும். அதற்கு மேல் கூட்டை நோண்டாதீர்கள்.

அப்புறம் கூடு. பானை, மரப்பெட்டி, நார்க்கூடை மூன்றும் கிடைக்கிறது. டெல்டாவுக்கு என் ஓட்டு மண் பானைக்குத்தான். வெயிலில் சூடு குறைவாக ஏறும், அடி குழிவாக இருப்பதால் முட்டை உருளாது, ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைக்கலாம். மரப்பெட்டியின் மூலையில் பேன் அடைந்தால் எடுப்பது கஷ்டம். ப்ளைவுட் என்றால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பிப் போகும். நார்க்கூடை அழகு, ஒரு ஈட்டுக்குப் பிறகு தூக்கி எறிய வேண்டியதுதான். ஆனால் பெங்காலீஸ் குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகும் அப்பா அம்மாவோடு ஒரே கூட்டில் போய் அடையும், ஆறேழு பேர் என்றால் சின்னப் பானை பற்றாது. அவற்றுக்கு மட்டும் முன்பக்கம் பாதி திறந்த பெட்டியோ பெரிய வாய்ப் பானையோ வாங்குங்கள். உள்ளே போடக் காய்ந்த அருகம்புல், விரல் நீளம் நறுக்கிய தேங்காய் நார் போதும். நீள நாரும் நூலும் காலில் சுற்றிக்கொள்ளும்.

எந்த வகை என்பதைவிட எந்த மாதம் என்பது எங்கள் ஊரில் பெரிய கேள்வி. கூண்டு ஃபின்ச் வருடம் முழுக்க இடும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடு பூசணம் பிடிக்கும், ஊறவைத்த தினை மதியத்துக்குள் கெட்டுப்போகும். கத்திரி வெயிலில் மூடிய கூட்டுக்குள் குஞ்சு வாயைத் திறந்து இரைக்கும். பொங்கல் முடிந்ததும் பானையைக் கட்டினால் பங்குனிக்குள் ஒரு ஈடு தாராளமாக முடியும். கூண்டுக் காலுக்கு நான்கு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், ஒரு இரவு எறும்பு ஏறினால் குஞ்சு மிஞ்சாது. கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிராமத்து வீடுகளில் எலிக்குப் பின்னாலேயே சாரைப்பாம்பும் வரும். கொசு மூலம் பறவை அம்மை பரவும். ஆனால் கொசுவர்த்திப் புகை குருவியின் நுரையீரலுக்கு ஆகாது. சாயங்காலம் கூண்டு மேல் வலைத்துணி போடுவதுதான் சரி.

தீனியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தினை, சாமை, பனிவரகு கலந்து வைக்கலாம். குஞ்சு பொரித்த நாளிலிருந்து அவித்த முட்டையை ஓட்டோடு மசித்துக் காலையில் கொஞ்சம், இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும், கூண்டில் எப்போதும் தொங்கட்டும். கீரை கொடுக்கலாம், வயல் வரப்பிலிருந்து மட்டும் பறிக்காதீர்கள், சம்பாவுக்கு அடித்த மருந்து அதில் இருக்கும்.

சரி, எதை வாங்குவது? முதல் தடவை என்றால் ஒரே ஒரு ஜோடி சாம்பல் ஜீப்ரா, இரண்டரை அடி நீளக் கூண்டு, ஒரு பானை. ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஜோடி உறுதி என்பதால், பொரிக்கவில்லை என்றால் காரணத்தைத் தீனியிலோ இடத்திலோ தேடலாம். எனக்குப் போன அந்த இரண்டு மாதம் உங்களுக்குப் போகாது. இரண்டு ஜோடியை ஒரே கூண்டில் விடாதீர்கள். ஜீப்ரா கூட்டுக்காகச் சண்டை போடும், பக்கத்துக் குருவியின் இறகைப் பிடுங்கித் தன் கூட்டில் வைக்கும். மூன்று நான்கு ஜோடி சேர்த்து வளர்க்கத்தான் ஆசை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் திண்ணைதான் இடம் என்றால் பெங்காலீஸுக்குப் போங்கள். அவை சத்தமும் குறைவு, சண்டையும் குறைவு. இளசாக வாங்கிப் பாட்டைக் கேட்டுப் பிரிக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

ஜீப்ராக் குஞ்சு மூன்று வாரத்தில் கூட்டை விட்டு வெளியே வரும். அலகு அப்போது கறுப்பாக இருக்கும். ஐந்தாவது வாரம் தானே கொத்தித் தின்னத் தொடங்கும். உடனே பிரித்துவிடாதீர்கள். ஆண் குஞ்சு அப்பாவிடம் பாட்டுக் கற்றுக்கொள்வது அந்த நாட்களில்தான். அம்மா அடுத்த ஈட்டுக்குத் தயாராகிக் குஞ்சின் இறகைப் பிடுங்கினால் மட்டும் குஞ்சுகளை அப்பாவோடு சேர்த்து வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். இரண்டு மாதம் ஆனதும் அலகு ஆரஞ்சாகும், கன்னத் திட்டு தெரியும். மூன்று மாதத்தில் அவையே முட்டையிடும் அளவுக்கு வந்துவிடும் என்பதால், அண்ணன் தங்கைகள் ஜோடி சேராமல் அதற்குள் ஆண்களைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும்.