ஆமை நடையா, விளக்கணைப்பா?

சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கு (ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள்) உதவ நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஆமை நடை பற்றித்தான். கடல் ஆமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு 1988 முதல் இதை நடத்துகிறது. ஜனவரி தொடங்கி, இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாக மணலில் நடந்து முட்டைக்குழிகளைத் தேடுவார்கள். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். நாய், நரி, மனிதர் கைபடுமுன் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்தால், சுமார் 45 நாளில் குஞ்சு வரும். ஆனால் ஒருமுறை வந்து செல்ஃபி எடுத்துப் போகிறவரால் பெரிய பயனில்லை. சீசன் முழுக்கத் தூக்கம் கெட்டு நடப்பவர்களால்தான் வேலை நடக்கிறது.

இன்னொரு வழி விளக்கணைப்பு: கடலோர விளக்குகளை இரவில் அணைத்து வைப்பது. இதில் நடையின் சுவாரசியமெல்லாம் கிடையாது. குஞ்சுகள் வெளிச்சம் அதிகமான திசையை நோக்கி ஊரும். இருட்டில் அது கடல்தான்; நம் மொட்டை மாடி விளக்கு எரிந்தால் தெருவுக்கு வந்துவிடும். தாய் ஆமையும் வெளிச்சமான கரையில் ஏறத் தயங்கும். கடலோரத்தில் வீடோ கடையோ வைத்திருந்தால் என் ஓட்டு இதற்கே: நடப்பவர்கள் கண்ணில் படாமல் தப்பும் குழிகளுக்கு இதுதான் துணை. கடலிலிருந்து தள்ளி அம்பத்தூரில் இருப்பவருக்கு, சரி, நடைதான்.

இரண்டுமே கரையோடு நின்றுவிடும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது கைகாட்டப்பட்டது, விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை வலைகளை; அவற்றில் சிக்கும் ஆமைகள் மூச்சுமுட்டிச் சாகும். கரையை ஒட்டி இழுவை கூடாது என்ற விதி இருக்கிறது; அமல்படுத்த வேண்டியது அரசு.